வயதைக் கேட்டால் போதாது, எடை போடுங்கள்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. நமக்கும் பெருமைதான். ஆனால் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலனியிலிருந்து செஞ்சிக்கு வரும் நம் பெண்களிடம் பல இடங்களில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "வயசு என்ன?" எடை போடுவதில்லை.

குழந்தைக்கு மருந்து எடைக்குத்தான். காய்ச்சலுக்குத் தரும் பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஊட்டமாக வளர்ந்த 3 வயதுப் பிள்ளை ஏறத்தாழ 14 கிலோ இருக்கும். அளவு 210 மில்லிகிராம். கூலியை நம்பிய வீட்டில் மெலிந்து வளரும் அதே வயதுப் பிள்ளை 10 கிலோ இருந்தால் 150தான். வயதைப் பார்த்துக் கொடுத்தால் ஒவ்வொரு வேளையும் 60 மில்லிகிராம் கூடுதல். மெலிந்த பிள்ளையின் கல்லீரலுக்கு அதனால் ஆபத்தும் கூடுதல்.

இன்னொரு சிக்கல் பாட்டிலில். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், மற்றொன்றில் 250. இந்தப் பிள்ளைக்கு முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. பாட்டில் மாறியது தெரியாமல் பழைய கணக்கில் 6 மில்லி ஊற்றினால் இரண்டு மடங்கு மருந்து உள்ளே போகும்.

எடை போடப் பிள்ளையைத் தொட்டுத் தூக்க வேண்டும். சிக்கலின் வேர் அங்கேயும் இருக்கிறது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு, மருந்து கொடுக்கும்போதுகூடத் தொடாமல் கொடுக்கும் வழக்கத்தைப் பதிவு செய்தது. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்து 75 ஆண்டுகள் கடந்துவிட்டன. எடை போடாமல் அனுப்பப்படும் பிள்ளைக்கு அந்தப் பிரிவு இன்னும் வந்து சேரவில்லை.

நாம் கேட்பது பெரிதல்ல. காலனி அங்கன்வாடிகளில் பழுதில்லாத தராசு வேண்டும். மருந்துச் சீட்டில் பிள்ளையின் எடையையும், எத்தனை மில்லி என்பதையும் தமிழில் எழுத வேண்டும். வீட்டுக் கரண்டியால் அளக்கவிடாமல் அளவு மூடியோடு மருந்து தர வேண்டும்.

நர்சிங் படிக்கும் நம் பிள்ளைகளே, இந்தப் பெருக்கல் கணக்கைத் தேர்வோடு மறந்துவிடாதீர்கள். தாய்மார்களே, மருந்து வாங்கும் முன் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: "முதல்ல எடை போடுங்க." அது சலுகை அல்ல, நம் பிள்ளையின் உரிமை.