கத்தே கொட்டகையும் தோட்டத்து மக்களும்

பிடோக்கிலிருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகும் நம் தோழர்கள், பிள்ளைகளுக்குச் சிங்கப்பூரைச் சுற்றிக் காட்டும்போது ஹேண்டி ரோட்டிலுள்ள கத்தே கட்டடத்தையும் காட்டுகிறார்கள். "பழைய சினிமாக் கொட்டகை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது போதாது என்பதே நமது கருத்து.

கத்தே 1939 அக்டோபர் 3-ஆம் நாள் திறக்கப்பட்டது. குளிர்சாதன வசதியோடு சிங்கப்பூரில் எழுந்த முதல் கொட்டகை அது. பால்மரம் சீவிய நம் பெற்றோருக்கு அங்கே என்ன வேலை? தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டியதே அவர்களுக்குச் சினிமா. பட்டணம் போனவர்கள் தமிழ்ப் படம் பார்க்க நார்த் பிரிட்ஜ் ரோட்டு டைமண்ட், ராயல் கொட்டகைகளைத் தேடிப் போனார்கள்.

ஆனால், 1943-இல் அந்தக் கத்தே நமக்கும் சொந்தமாயிற்று. ஜூலை 4-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய சுதந்திர சங்கத்தின் தலைமையை ஏற்றது அங்கேதான். அக்டோபர் 21-ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்ததும் அங்கேதான். அந்தக் குரல் லயங்களுக்கு எட்டியது. பால்வாளி தூக்கிய கைகள் துப்பாக்கி ஏந்தின. தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். இருந்த நகையைக் கழற்றிக் கொடுத்தவர்களும் உண்டு.

அது ஜப்பானியர் நிழலில் கிடைத்த மேடை அல்லவா என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. அதே ஜப்பானியர்தான் நம் தோட்டத்து மக்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோய்ப் பல்லாயிரவரைப் பலிகொடுத்தனர். ஆகவே, பெருமையை மட்டும் சொல்லித் துயரத்தை மறைப்பதும் வரலாறாகாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிற்க. 2003-இல் கத்தேயின் முகப்பு தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2022 ஜூனில் அங்கிருந்த கத்தே நிறுவனத்தின் திரையரங்கம் மூடப்பட்டது. பிடோக்கின் பிரின்சஸ் கொட்டகையும் இன்றில்லை. முகப்புச் சுவரை அரசாங்கம் காக்கும். நம் மக்களின் கதையை யார் காப்பது?

1943-இல் பதினெட்டு வயதிலிருந்தவர்களுக்கு இன்று நூறு வயது தாண்டுகிறது. இனி அவர்களைக் கேட்பது அரிது. அவர்களிடம் கேட்டவர்களையாவது நாம் கேட்டாக வேண்டும். கிளைச் சங்கங்கள் வீடுவீடாகச் சென்று பழைய படங்களையும், கடிதங்களையும், பெயர்களையும் குறித்துவைக்க வேண்டும். கிராணிமார் எழுதிக் கொடுக்கலாம். பெரட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் பெயர் எழுதிய கைகளுக்கு இது பெரிய வேலையல்ல. இந்த மாதமே தொடங்குவோம்!