ஆரூடம் சொல்வோரும் விலை வைப்போரும்

மார்ச் மாதம் வந்துவிட்டால் டென்மார்க்கில் உதைபந்தாட்ட இரசிகர்கள் எல்லோருமே கணக்காளர்களாகி விடுகிறார்கள். சுப்பர்லீகாவின் 12 அணிகளும் 22 சுற்றுகளை முடித்துக்கொள்ளும் காலம் இது. முதல் ஆறு இடங்களில் நிற்கும் அணிகள் சம்பியனைத் தீர்மானிக்கும் பிரிவுக்குப் போகும். மிகுதி ஆறும் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்புவதற்காக ஒன்றோடொன்று மோதும். எடுத்த புள்ளிகள் கூடவே வரும், அதற்கு மேல் இன்னும் பத்து ஆட்டங்கள். ஆறாம் இடத்துக்கும் ஏழாம் இடத்துக்கும் இடையில் சிலவேளை ஒரு கோல்தான் வித்தியாசம். "அவங்கள் தோற்று, நாங்கள் சமநிலை எடுத்தால் போதும்" என்ற பேச்சை ரண்டர்ஸ் நகரில் வேலைத்தல இடைவேளைகளிலும் கேட்கலாம், எங்கள் பிறந்தநாள் விழா மண்டபங்களிலும் கேட்கலாம்.

இந்த ஆண்டு ஆரூடங்களுக்கு வழக்கத்தைவிட வேலை அதிகம். மார்ச் 26 இல் கொப்பன்ஹேகனில் வட மசிடோனியாவுடன் டென்மார்க் மோதுகிறது. தோற்றால் உலகக்கிண்ணக் கனவு அன்றோடு முடிந்துவிடும். ஜூன் 11 இல் அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாடுகளிலும் உலகக்கிண்ணம் தொடங்குகிறது. 2022 இல் கட்டாரில் 32 அணிகளும் 64 ஆட்டங்களும் இருந்தன. இம்முறை 48 அணிகள், 104 ஆட்டங்கள். இரசிகனுக்கு இது நாற்பது ஆட்டங்கள் கூடுதலாகக் கிடைத்த திருவிழா. பந்தய நிறுவனங்களுக்கு நாற்பது ஆட்டங்கள் கூடுதலாகக் கிடைத்த சந்தை.

கணக்கெழுதிப் பிழைப்பவன் என்ற வகையில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். "இண்டைக்கு ரண்டர்ஸ்தான் வெல்லும்" என்று இரசிகன் சொல்வதும், கைத்தொலைபேசித் திரையில் ரண்டர்ஸின் பெயருக்கு எதிரே 2,10 என்று ஓர் எண் தெரிவதும் ஒரே விடயம் போலத் தோன்றும். முன்னது ஒரு மனிதனின் ஆசை. பின்னது ஒரு கடையின் விலைச்சீட்டு. எங்கள் இளையவர்கள் பலர் விலைச்சீட்டை ஆரூடமாக வாசிக்கிறார்கள். அங்கேதான் காசு போகிறது.

முதலில் இரசிகனின் ஆரூடத்தை எடுத்துக்கொள்வோம். ரண்டர்ஸ் கழகத்தின் கதையே ஆரூடக்காரர்களுக்கு ஒரு பாடம். இந்நகரின் ஆறு கழகங்கள் சேர்ந்து 2003 ஜனவரி 1 இல் இக்கழகத்தை உருவாக்கின. 2006 இல் இரண்டாம் தரப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தபோதே டென்மார்க் கிண்ணத்தை வென்றது. அப்போது பயிற்றுநராக இருந்தவர் லாஸ் ஒல்சன், 1992 இல் ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கிய டென்மார்க் அணியின் தலைவர். 2009 இலையுதிர்காலத்தில் ரண்டர்ஸ் பட்டியலின் அடியில் கிடந்தது. எல்லோரும் கைகழுவிவிட்ட பிறகு 2010 வசந்தத்தில் எழுந்து தப்பிக்கொண்டது. "இனிப் பயமில்லை" என்றார்கள். அடுத்த ஆண்டே இறங்கியது. 2012 இல் திரும்பி வந்து, 2013 இல் மூன்றாம் இடத்தைப் பிடித்து, கிண்ண இறுதியாட்டத்துக்கும் போனது. 2021 இல் மீண்டும் கிண்ணம், இறுதியாட்டத்தில் 4-0. இத்தனை திருப்பங்களையும் ஒவ்வொரு ஆண்டும் சரியாகச் சொன்ன ஒருவரை இந்நகரில் தேடிப் பிடிக்க முடியாது.

நாட்டின் கதையும் அப்படித்தான். 1992 இல் தகுதி பெறாத டென்மார்க், யூகோஸ்லாவியா விலக்கப்பட்டதால் தொடர் தொடங்க இரண்டு கிழமைக்கும் குறைவான காலமே இருக்கையில் உள்ளே அழைக்கப்பட்டது. ஜூன் 26 இல் கோதன்பேர்க்கில் ஜெர்மனியை 2-0 என வென்று கிண்ணத்தோடு வந்தது. கடந்த ஆண்டு இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். 2025 அக்டோபரில் பெலருஸை 6-0 என நொறுக்கிய அதே டென்மார்க், நவம்பர் 15 இல் சொந்த மண்ணில் அதே அணியுடன் 2-2 என முடித்தது. மூன்று நாள் கழித்து ஸ்கொட்லாந்தில் சமநிலை எடுத்தாலே போதும் என்ற நிலை. மேலதிக நேரத்தில் இரண்டு கோல்களை வாங்கி 4-2 எனத் தோற்றது. வட மசிடோனியாவுடனான ஆட்டம் வந்ததே அதனால்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் இரசிகன் ஆரூடம் சொல்வதை நிறுத்தமாட்டான். நிறுத்தவும் கூடாது. அவனுடைய ஆரூடம் ஒரு கட்சி சேர்தல். "இது என் அணி" என்பதையே அவன் வேறு சொற்களில் சொல்கிறான். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவானுக்கும் இடையிலான வடக்கின் பெரும்போர் நடக்கும் நாட்களில், தன் பாடசாலை தோற்கும் என்று ஆரூடம் சொன்ன பழைய மாணவனை யாராவது கண்டதுண்டா? பிழைத்துப்போனால் நாலு நாள் பகிடி. அதற்குமேல் செலவில்லை.

இந்த ஆசைக்கு டென்மார்க்கில் நீண்டகாலமாகவே ஒரு சிறு விலை இருந்து வந்தது. 1949 இல் அரசின் அனுமதியோடு டிப்ஸ் கூப்பன் அறிமுகமானது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 1, எக்ஸ், 2 என்று மூன்று கட்டங்கள். உள்ளூர் அணி, சமநிலை, வெளியூர் அணி. 1969 முதல் சனிக்கிழமைகளில் இங்கிலாந்து ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வரத்தொடங்க, கூப்பனும் திரையும் ஒன்றுக்கொன்று துணையாகின. எண்பதுகளில் அகதி முகாம்களுக்கு வந்திறங்கிய எம்மவர் பலருக்கு லிவர்பூலும் எவர்ட்டனும் அறிமுகமானது அந்தச் சனிக்கிழமைத் திரையில்தான். 13 ஆட்டங்களுக்கு மூன்று மூன்று தெரிவுகள் என்றால் மொத்தம் 15 இலட்சத்து 94 ஆயிரத்து 323 விதமாக ஒரு கூப்பனை நிரப்பலாம். வெல்வது அரிது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது கிழமைக்கு ஒரு தடவை. கடைக்கு நடந்து போகவேண்டும். சில குரோனர்களோடு முடிந்துவிடும்.

2012 ஜனவரி 1 இல் இந்த நிலை மாறியது. அரச நிறுவனத்தின் தனியுரிமை விளையாட்டுப் பந்தயத்தில் நீக்கப்பட்டு, அனுமதி பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களும் உள்ளே வந்தன. கூப்பன் கைத்தொலைபேசிக்குள் போனது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த கோலுக்கும் அடுத்த மூலை உதைக்கும் மஞ்சள் அட்டைக்கும் பந்தயம் வைக்கலாம் என்றானது. கிழமைக்கு ஒரு ஆரூடம் என்றிருந்தது நிமிடத்துக்கு ஒன்றாகிவிட்டது.

இனி விலைச்சீட்டைப் பார்ப்போம். உதாரணத்துக்கு, ஓர் ஆட்டத்தில் ரண்டர்ஸ் வெல்ல 2,10, சமநிலைக்கு 3,40, எதிரணி வெல்ல 3,30 என்று ஒட்ஸ் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை இந்த எண்களால் பிரித்தால் அந்த விலை குறிக்கும் வாய்ப்பு வரும். 47,6 வீதம், 29,4 வீதம், 30,3 வீதம். மூன்றையும் கூட்டுங்கள். நூறு வரவேண்டிய இடத்தில் 107,3 வருகிறது. உலகில் எந்த ஆட்டத்துக்கும் 107 வீத வாய்ப்பு இல்லை. அந்த ஏழேகால்தான் கடைக்காரனின் பங்கு. மூன்று முடிவுகளிலும் அவற்றின் வாய்ப்புக்கேற்பக் காசு வந்து சேர்ந்தால், யார் வென்றாலும் 100 குரோனருக்குச் சுமார் 93 குரோனர்தான் திரும்பிப் போகும்.

"ஏழு குரோனர்தானே" என்பீர்கள். கிழமைக்கு ஒரு தடவை என்றால் அது ஒரு கோப்பிக் காசுகூட இல்லை. ஆனால் வார இறுதியில் நூறு நூறாகப் பத்துப் பந்தயம் வைப்பவர் ஆயிரம் குரோனரைச் சுழற்றுகிறார். சராசரியில் 70 குரோனர் போகும். ஐம்பது வார இறுதிகளில் 3,500. இளைஞர்கள் பெரிதும் விரும்புவதோ தனி ஆட்டத்தை அல்ல, ஐந்து ஆட்டங்களைக் கோர்த்த மாலையை. ஐந்தும் சரிவந்தால் பெருந்தொகை. அங்கே கடைக்காரனின் பங்கும் ஐந்து தடவை பெருகுகிறது. 93 வீதத்தின் 93 வீதம், அதன் 93 வீதம் என்று ஐந்து படி இறங்கினால் நூறுக்குச் சுமார் 70 தான் மிஞ்சும். அதே ஆயிரம் குரோனர், அதே ஐம்பது வார இறுதிகள், ஆனால் இழப்பு 15,000. நாலு ஆட்டம் சரிவந்து ஐந்தாவது பிழைக்கும்போது "அருந்தப்பில் போச்சு" என்று தோன்றும். கணக்கேட்டில் அருந்தப்பு என்றொரு நிரல் கிடையாது.

மேசையின் மறுபக்கத்தில் இருப்பவர்கள் யார் என்பதையும் எம்மவர் அறிய வேண்டும். அதற்கு நாங்கள் அதிகமாக வாழும் ஹேர்னிங் நகரையே பார்க்கலாம். அங்குள்ள எப்.சி. மிட்ஜுலண்ட் கழகத்தின் பெரும்பங்கை 2014 இல் மத்தியூ பென்ஹாம் என்ற ஆங்கிலேயர் வாங்கினார். அவர் பந்தயத்திலேயே பணம் சேர்த்தவர். கணிதவியலாளர்களை வேலைக்கு அமர்த்தி ஆட்டங்களின் வாய்ப்பைக் கணிக்கும் நிறுவனம் அவருடையது. 2015 இல் மிட்ஜுலண்ட் வரலாற்றில் முதல்தடவையாகச் சம்பியனானது. ஆரூடத்தில் காசு பார்ப்பவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. அவர்களிடம் பிடித்த அணி என்று ஒன்று இல்லை. வாய்ப்பு எவ்வளவு, விலை எவ்வளவு, இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வெளி என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். ஒட்ஸ் என்ற விலை இத்தகையவர்கள் புழங்கும் சந்தையில்தான் உருவாகிறது. கோவில் வாசலில் நின்று கைத்தொலைபேசியில் ஐந்து ஆட்டங்களைக் கோர்க்கும் பிள்ளை அந்தச் சந்தைக்கு எதிராகத்தான் பந்தயம் பிடிக்கிறது. தப்பித்தவறித் தொடர்ந்து வெல்பவர்களுக்கு நிறுவனங்கள் பந்தயத் தொகையைக் குறைத்து எல்லை போடுவதும் இந்தத் தொழிலில் வழமை. தருமர் சூதாடியது மட்டும் பிழையல்ல, சகுனியின் பகடையில் ஆடியதும் பிழை.

அரசு என்ன செய்கிறது? இங்கே கணக்கு சற்றுச் சிக்கலானது. டென்ஸ்கே ஸ்பில் நிறுவனத்தில் 80 வீதப் பங்கு அரசினுடையது. மிகுதி நாட்டின் இரு பெரும் விளையாட்டுச் சம்மேளனங்களுடையது. பிள்ளைகள் பந்தடிக்கும் உள்ளரங்கத்துக்கும் பயிற்றுநருக்கும் போகும் பணத்தில் ஒரு பகுதி இந்த விளையாட்டுக்களின் இலாபத்திலிருந்துதான் வருகிறது. தனியார் நிறுவனங்களின் வருமானத்துக்கான வரியும் 2021 இல் 20 வீதத்திலிருந்து 28 வீதமாக உயர்த்தப்பட்டது. காவல்காரனுக்கும் தோட்டத்தில் பங்கு இருக்கிறது. இருந்தாலும் காவலே இல்லை என்று சொல்லமுடியாது. ரோஃபுஸ் என்ற பதிவேட்டில் ஒருவர் தன்னைத்தானே பதிந்தால் அனுமதி பெற்ற இணையப் பந்தயத் தளங்கள் எல்லாம் அவருக்கு மூடப்படும். ஒரு நாளிலிருந்து நிரந்தரம் வரை தெரிவு செய்யலாம். ஸ்டொப்ஸ்பில்லெ என்ற இலவச ஆலோசனைச் சேவையில் பெயர் சொல்லாமலே பேசலாம். ஆனால் ரோஃபுஸில் மகனுக்காகத் தாயோ, கணவனுக்காக மனைவியோ பதிய முடியாது. அவரே மனம் வைக்கவேண்டும்.

எமது சமூகத்தில் சிக்கலாவது இந்த இடம்தான். சூது என்றால் எம்மவருக்கு நினைவுக்கு வருவது சீட்டுக்கட்டும் குதிரைப் பந்தயமும். உதைபந்தாட்டம் பார்க்கும் பிள்ளையை யாரும் சூதாடியாக நினைப்பதில்லை. அது வரவேற்பறையில் எங்கள் அருகிலேயே இருந்து நடக்கிறது. வெளியே தெரியவருவது வேறொரு சமயத்தில். வீடு வாங்க வங்கிக்குப் போகும்போது சில மாதக் கணக்கறிக்கை கேட்பார்கள். அதில் ஐம்பது, நூறு, இருநூறு என்று வரிவரியாக ஒரே வகைக் கொடுப்பனவு நிற்கும். இத்தகைய அறிக்கைகளை என் தொழிலில் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியும் சிறியது. கூட்டிப் பார்த்தவர்தான் யாருமில்லை. அடுத்த பக்கத்தில் கைக்கடன் வரும். அதற்கடுத்து சீட்டுக்காசு கட்டத் தவறியது வரும். சீட்டு தவறினால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்ற வெட்கத்தில், இழந்ததைப் பிடிக்க இன்னொரு மாலை கோர்ப்பார்கள். வெட்கமே அடுத்த பந்தயத்துக்கு முதலாகிறது.

ஆகவே உலகக்கிண்ணம் தொடங்குமுன் வீடுகளில் செய்யக்கூடியவை சில உண்டு. பிள்ளைகளைத் திட்டுவதை விட்டு, மேலே சொன்ன 107 வீதக் கணக்கை ஒரு தாளில் அவர்களையே போடச் சொல்லுங்கள். 1, எக்ஸ், 2 தெரிந்த எவருக்கும் அது ஐந்து நிமிட வேலை. பந்தயம் வைக்கும் பெரியவர்கள் தங்கள் கணக்கைத் திறந்து, ஓர் ஆண்டில் போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்ற இரண்டு எண்களை மட்டும் மனைவியோடு சேர்ந்திருந்து பாருங்கள். வென்ற நாளை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். தோற்ற நாட்களை வங்கிதான் நினைவில் வைத்திருக்கும். எங்கள் விளையாட்டுக் கழகங்கள் 104 ஆட்டங்களுக்கும் ஓர் ஆரூடப் போட்டி வைக்கலாம். சுவரில் ஒரு பெரிய தாள், பெயர்கள், புள்ளிகள், கடைசியில் தோற்றவர் எல்லோருக்கும் கொத்துரொட்டி வாங்கிக் கொடுப்பது. அதில் கடைக்காரனுக்குப் பங்கு இல்லை.

ரண்டர்ஸ் முதல் ஆறுக்குள் வருமா, டென்மார்க் உலகக்கிண்ணத்துக்குப் போகுமா என்று என்னிடம் கேட்டால் இரண்டுக்கும் "ஆம்" என்றே சொல்வேன். இந்நகரில் வாழ்பவன் வேறு எதைச் சொல்வது? அந்த "ஆம்" இலவசம். காசு கொடுத்து வாங்கும்படி யாராவது அதைத் திரையில் நீட்டினால், முதலில் மூன்று எண்களையும் கூட்டிப் பாருங்கள்.