நின்ற படிப்பும் நில்லாத பேனாவும்

திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்தவர் சல்மா. 13 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தி, வீட்டுக்குள் இருத்திவிட்டனர். அவரோ வாசிப்பை விடவில்லை. திருமணமான பின்பு வீட்டாருக்குத் தெரியாமல் எழுதினார். ‘சல்மா’ என்பதே அதற்காகச் சூடிக்கொண்ட புனைபெயர்தான். ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ கவிதைத் தொகுதி 2000இலும், ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் 2004இலும் வெளிவந்தன.

“திறமையுள்ளவள் எப்படியும் முன்னுக்கு வருவாள்” என்பர் சிலர். அதை நாங்கள் ஏற்பதற்கில்லை. வென்றவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. படிப்போடு பேனாவையும் வைத்துவிட்ட பெண்களின் பெயர் யாருக்குத் தெரியும்? அன்புப் பெற்றோரே, உங்கள் மகள் ஒளிந்து எழுத வேண்டாம். கூடத்து விளக்கின் கீழ் அமர்ந்தே எழுதட்டும். அவள் எழுதியதை முதலில் வாசிப்பவர்கள் நீங்களாக இருங்கள்.