காவல் நாயின் கண்ணுக்கும் வைத்தியம் வேண்டும்

பசு மாட்டின் கண்ணில் நீர் வடிந்தால் மறுநாள் காலையிலேயே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லும் விவசாயி, வீட்டு நாயின் கண்ணில் பீளை கட்டி ஒரு வாரம் ஆனாலும் கவனிப்பதில்லை. நாய்தானே, தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார். கிராமங்களில் நாய்களின் கண் கெடுவதற்கு நோய் ஒரு காரணம் என்றால், தாமதமும் தவறான கைவைத்தியமும் இன்னொரு காரணம். இவ்விரண்டும் விவசாயியின் கையில் உள்ளவை. ஆகவே இவற்றை மாற்ற முடியும்.

பால் கறக்கும் மாட்டுக்குச் செலவு செய்தால் வரவு உண்டு, நாய்க்குச் செய்தால் என்ன வரும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டுக் கிடையிலும், களத்துமேட்டிலும், தோட்டத்து வீட்டிலும் இராக்காவல் நாயினுடையது. ஓர் ஆடு களவு போனால் ஏற்படும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால், ஆரம்பத்திலேயே வாங்கும் கண் மருந்தின் விலை மிகக் குறைவு. இராஜபாளையம் நாயின் படம் பொறித்த தபால் தலையை அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டது. நாட்டு நாய்க்கு அத்தகைய மதிப்பு இருக்கும்போது, வாசலில் படுத்திருக்கும் நாயை அலட்சியம் செய்வது முறையல்ல.

நாய்க்கு மூக்கும் காதும் போதும், கண் மங்கினாலும் பிழைத்துக்கொள்ளும் என்று வாதிடுவோரும் உண்டு. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பார்வை குறைந்த நாய் பழகிய இடத்தில் மோப்பத்தைக் கொண்டே நடமாடும். ஆனால் கண் நோய் பெரும் வலி தருவது. மேலும், உடம்பின் உள்ளே இருக்கும் கொடிய நோய்கள் சில கண்ணில்தான் முதலில் தெரியும். டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோய் கண்டால் முதலில் கண்ணில் நீர் வடியும், பிறகு சீழ் போன்ற பீளை கட்டும். காய்ச்சல், மூக்கொழுகல், இருமல், கழிச்சல் தொடரும். கடைசியில் வலிப்பு வரும். உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சலிலும் கண் சிவந்து கலங்கும், கண்ணுக்குள் இரத்தம் கசியும். ஆகவே கண்ணைக் கவனிப்பது நாயின் உயிரைக் கவனிப்பதாகும்.

கைவைத்தியம் கண்ணைக் கெடுக்கும்

நாயுருவி விதை, வைக்கோல் தூசு, வேலி முள், பூனையின் நகம் ஆகியவற்றால் கருவிழியில் கீறல் விழுவது சாதாரணம். நாய் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். முன்காலால் தேய்க்கும். வெளிச்சத்தில் கண் திறக்காது. கவனிக்காவிட்டால் கீறல் புண்ணாகி, கண்ணில் பூ விழும். புண் ஆழமானால் கருவிழியில் ஓட்டை விழுந்து கண்ணே போய்விடும்.

இந்நிலையில் உப்பை மென்று ஊதுவது, வெற்றிலைச் சாறு பிழிவது, தாய்ப்பால் விடுவது ஆகியவை கூடாது. இவற்றால் எரிச்சல் மிகும், அல்லது புண்ணில் கிருமி சேரும். இவற்றைவிட ஆபத்தானது, வீட்டில் யாருக்கோ வாங்கி மிச்சம் வைத்த கண் சொட்டு மருந்தை நாய்க்கு விடுவது. அத்தகைய மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். விட்ட இரண்டொரு நாளில் சிவப்பு குறையும். குணமாகிறது என்று வீட்டார் நினைத்திருக்க, கருவிழிப் புண் ஆறாமல் ஆழமாகிக்கொண்டிருக்கும். புண் இருக்கிறதா என்பதைச் சாயம் தோய்ந்த ஒரு சிறு காகிதத் துண்டைக் கொண்டு மருத்துவர் சில நிமிடங்களில் கண்டுவிடுவார். புண் உள்ள இடம் பச்சையாக ஒளிரும். அந்தச் சோதனையைச் செய்யும்படி கேட்க விவசாயி தயங்க வேண்டியதில்லை.

சுண்ணாம்பு, பூச்சிமருந்து, கள்ளிப்பால், எருக்கம்பால் ஆகியவை கண்ணில் பட்டால் மட்டும் வீட்டிலேயே உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சுத்தமான தண்ணீரை 15 முதல் 20 நிமிடம் வரை விடாமல் கண்ணில் ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவிய பின்பு தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

சில நாய்களுக்கு மூக்கோரக் கண்முனையில் கோவைப்பழம் போல் சிவந்த சதை பிதுங்கி நிற்கும். அதைப் பிளேடால் அறுத்தெறிவது பெருந்தவறு. அது கழலையன்று, கண்ணீர் சுரக்கும் சுரப்பி இடம் பெயர்ந்து வெளியே வந்திருப்பது. அதை வெட்டிவிட்டால் பின்னாளில் கண் வறண்டு பார்வை கெட வாய்ப்புண்டு. அதனால் சுரப்பியை உள்ளே தள்ளித் தையல் போடுவதே இன்றைய சிகிச்சை முறை.

வயதான நாயின் கண்ணில் தெரியும் நீலம் கலந்த மங்கல் பெரும்பாலும் முதுமையால் வருவது. அதற்கு மருந்து தேவையில்லை. கண்புரை வேறு, அதைக் கரைக்கும் சொட்டு மருந்து கிடையாது. எது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். ஆகவே கடையில் கேட்டு மருந்து வாங்கிப் பணத்தை வீணாக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை

வாரம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் இரண்டு கண்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பீளையைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்தெடுக்கலாம். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்துணி வேண்டும். குளிப்பாட்டும்போது சோப்பு நுரை கண்ணில் படக்கூடாது. மருந்து தெளிக்கும் வயலருகே நாயைக் கட்டக்கூடாது. உண்ணி சேரவிடக் கூடாது. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் டிஸ்டெம்பர் தடுப்பூசியைத் தொடங்கி, 16 வாரம் ஆகும் வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியையும் தவறவிடக் கூடாது. திடீரெனக் குணம் மாறி, எச்சில் ஒழுக்கி, கண்டதைக் கடிக்கும் நாயின் முகத்தருகே யாரும் கை கொண்டுபோகக் கூடாது. உடனே மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

கிராமங்களில் கால்நடை மருத்துவ முகாம் நடக்கும்போது மாடும் ஆடும் வரிசையில் நிற்கின்றன. நாயை யாரும் அழைத்து வருவதில்லை. இந்த வழக்கம் மாற வேண்டும். முகாம் நடத்துவோரும் நாய்களைக் கொண்டுவரும்படி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். உள்ளூரில் முடியாத சிகிச்சைக்குச் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாட்டை ஓட்டிச் செல்லும் அதே நாளில் நாயையும் கயிற்றில் பிடித்துச் சென்றால் தனியாக ஒரு நாள் வேலை கெடாது. கண் சிவந்த முதல் நாளே செல்வதுதான் செலவைக் குறைக்கும் வழி.