காருக்குள் தண்ணீர்: ஓட்டையைத் தேடும் முன் மறுகாலைப் பாருங்கள்

கேள்வி: ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே பழைய கார். மழை பெய்தால் முன் இருக்கையின் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் கட்டுகிறது. டிக்கியில் வைத்திருந்த ரப்பர் ஷீட்டில் பூஞ்சணம் பிடித்து, கடையில் விலையைக் குறைத்துவிட்டார்கள். பேத்திக்குக் காரில் ஏறினாலே தும்மல். முன் கண்ணாடியைக் கழற்றி மாட்ட வேண்டும் என்கிறது ஒரு ஒர்க்‌ஷாப். வண்டியையே விற்றுவிடலாம் என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது?

– ஒரு வாசகர், பேச்சிப்பாறை

பதில்: கண்ணாடியைக் கழற்றுவதும் வேண்டாம், வண்டியை விற்பதும் வேண்டாம். அதற்கு முன் வீட்டு முற்றத்தில் வைத்தே பார்க்க வேண்டியவை சில உண்டு. ஒரு காலைப் பொழுது போதும். பல வண்டிகளில் காரணம் பெரிய செலவில்லாமலே தெரிந்துவிடும்.

கார் என்பது தண்ணீரே புகாத பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அது நாஞ்சில் நாட்டுக் குளம் மாதிரி. மழைத் தண்ணீர் சில இடங்களில் உள்ளே இறங்கத்தான் செய்யும். இறங்கிய தண்ணீர் வெளியேற அங்கங்கே மறுகால் வைத்திருக்கிறார்கள். மறுகாலில் சருகு அடைத்தால் குளத்து நீர் கரையைத் தாண்டும். காரின் வடிகால் அடைத்தால் தண்ணீர் இருக்கைக்குக் கீழே வந்து நிற்கும். கரையில் ஓட்டை தேடுவதற்கு முன் மறுகாலைப் பார்ப்பதுதான் முறை.

எந்தத் தண்ணீர் என்று பாருங்கள்

காருக்குள் மூன்று வகைத் தண்ணீர் வரும். ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்து, நிறத்தையும் மணத்தையும் பார்க்க வேண்டும்.

மழை இல்லாத நாளிலும், ஏசி போட்ட பிறகு மட்டும் நிறமில்லாத தண்ணீர் நின்றால் அது ஏசி தண்ணீர். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது நல்ல அறிகுறி. வெளியே சொட்டாமல் உள்ளே நனைந்தால், வடிகுழாய் அடைத்திருக்கிறது. தூசியும் அடைக்கும், குளவி கட்டிய மண்ணும் அடைக்கும்.

பச்சை, சிவப்பு போன்ற நிறத்தோடு, கையில் பிசுபிசுப்பாக, இனிப்பு மணத்தோடு இருந்தால் அது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். ஹீட்டர் பகுதியில் ஒழுக்கு இருக்கலாம். இதற்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கூலன்ட் விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். முற்றத்தில் சிந்தினால் உடனே மண் போட்டு அள்ளிவிட வேண்டும்.

மழைக்குப் பிறகு மட்டும் வருவது மழைத் தண்ணீர். வாசகர் எழுதியிருப்பது இதைத்தான்.

முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள மறுகால்

பானட்டைத் திறந்தால், முன் கண்ணாடியின் அடியில், வைப்பர் இருக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் சல்லடை தெரியும். கண்ணாடியில் வழியும் தண்ணீர் முழுவதும் அதன் கீழுள்ள தொட்டியில் விழுந்து, இரண்டு ஓரத்திலும் உள்ள துளை வழியாக முன் சக்கரங்களின் பக்கம் இறங்க வேண்டும்.

ரப்பர் மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு முதல் எதிரி இங்கேதான் சேர்கிறது. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை உதிர்கிறது. அந்தச் சருகு தொட்டிக்குள் விழுந்து, தூசியோடு மக்கி, துளையை மூடிவிடுகிறது. வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. இடவப்பாதி மழை தொடங்கியதும் தொட்டி நிறைந்து, புளோயருக்குக் காற்று இழுக்கும் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். கால் வைக்கும் இடம் நனையும். பார்ப்பவருக்குக் கண்ணாடி ஒழுகுவது போலவே தோன்றும்.

சருகைக் கையால் அள்ளி எடுத்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பார்க்க வேண்டும். உடனே சக்கரத்தின் பக்கம் வடிந்தால் சரி. தேங்கி நின்றால் துளை இன்னும் அடைப்பில் இருக்கிறது. ஈர்க்குச்சியால் மெல்லக் குத்திவிட வேண்டும். இரும்புக் கம்பி வேண்டாம். பெயின்ட் கீறினால் அந்த இடத்தில் துரு தொடங்கும்.

கதவின் மறுகால்

கதவுக் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகத் தண்ணீர் கதவுக்குள் போவது இயல்பு. கதவின் அடி விளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியாக அது வெளியேற வேண்டும். அவற்றைச் சேறு அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் நிற்கும். கதவைத் திறந்து மூடும்போது களக் களக் என்று சத்தம் வரும். இதற்கும் ஈர்க்குச்சி போதும்.

கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாட்டவோ கண்ணாடி மோட்டாரைச் சரிசெய்யவோ பலகையைக் கழற்றியவர்கள் இந்தத் தாளைக் கிழித்தபடி விட்டிருந்தால், தண்ணீர் நேராக உள்ளே சொட்டும். துளை திறந்திருந்தும் கதவோரம் நனைந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டிக்கி

டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே தண்ணீர் நின்றால் பின் விளக்கைச் சுற்றிய ரப்பர், டிக்கிக் கதவின் பீடிங், கூரையில் கேரியரோ ஆன்டெனாவோ மாட்டிய துளை, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம். பள்ளம் காய்ந்திருந்தும் ஷீட்டில் பூஞ்சணம் வந்தால் டிக்கியில் ஒழுக்கு இல்லை. முன்பக்கக் கார்பெட்டில் உள்ள ஈரம், மூடிய வண்டிக்குள் ஆவியாகி ஷீட்டில் படிகிறது. சரியாகக் காயாத ஷீட்டை அடுக்கி வைத்தால் நடப்பதும் இதுவே.

தண்ணீர் ஊற்றித் தேடும் முறை

மறுகால் எல்லாம் சுத்தமான பிறகும் நனைந்தால்தான் ஓட்டையைத் தேட வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் ஹோஸோடு வெளியே.

முதலில் உள்ளே நன்றாகத் துடைத்து, சந்தேகமான இடங்களில் செய்தித்தாளைப் பரப்ப வேண்டும். பீடிங் ஓரங்களில் முகப் பவுடரைத் தூவலாம். தண்ணீர் ஓடிய தடம் அதில் கோடாகத் தெரியும். ஹோஸிலிருந்து தண்ணீர் மெதுவாக வழிய வேண்டும், பீச்சி அடிக்கக் கூடாது. கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கதவின் அடி, பிறகு கதவின் மேல், பிறகு கண்ணாடியின் அடி, கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். முதலிலேயே கூரையில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழியும், எங்கே நுழைந்தது என்று தெரியாது.

பேச்சிப்பாறை போன்ற மேடு பள்ளமான இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி சரிவில் நின்றால், முன்னால் நுழைந்த தண்ணீர் பின் இருக்கைக்குக் கீழே போய் நிற்கும். நனைந்த இடம் வேறு, நுழைந்த இடம் வேறு. வண்டி வழக்கமாக எப்படிச் சரிந்து நிற்குமோ அப்படியே நிறுத்திப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

எதை வைத்து அடைப்பது?

ரப்பர் மரத்தில் ரெயின்கார்டு ஒட்டும் தார்ப் பசையைக் காரில் பூசக் கூடாது. வெயிலில் உருகி வழிந்து மறுகாலை அடைக்கும். பிறகு சரியான பசையும் அந்த இடத்தில் ஒட்டாது. வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் பசை தகட்டை அரிக்கும், அதுவும் வேண்டாம். பீடிங் நசுங்கியிருந்தால் புதிது மாற்றுவதே நல்லது. முன் கண்ணாடியின் ஓரத்தில்தான் ஒழுக்கு என்று ஹோஸ் வைத்து உறுதியானால் மட்டும் கார் கண்ணாடிக் கடைக்குப் போகலாம். காரணம் தெரியாமல் கழற்றி மாட்டினால், இல்லாத ஒழுக்கு புதிதாக வரவும் வாய்ப்பு உண்டு.

உலர்த்துவது பாதி வேலை

கார்பெட்டின் மேல்பகுதி காய்ந்ததுபோல் இருந்தாலும் அடியில் உள்ள பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பேத்தியின் தும்மலுக்கு அங்கே வளரும் பூஞ்சணம் காரணமாக இருக்கலாம். கார்பெட்டைத் தூக்கி, அடியில் மரக்கட்டை வைத்து, கதவுகளைத் திறந்து, முழுவதும் காயும்வரை வெயில் காட்ட வேண்டும். வெயில் இல்லாத நாளில் மின்விசிறி வைக்கலாம். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக் கூடத்தில் கார்பெட்டைத் தொங்கவிட வேண்டாம். வாடை போகாது, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

பூஞ்சணத்தைத் தேய்ப்பவர் முகக்கவசம் அணிய வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. தும்மலோடு மூச்சிரைப்பும் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கார்பெட்டுக்கு அடியில் மின் இணைப்புகளும் போகின்றன. இருக்கைக்குக் கீழே உள்ள மஞ்சள் நிற இணைப்பு ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதில் கை வைக்காமல் மெக்கானிக்கிடம் விட வேண்டும்.

தொடர்பான இரண்டு கேள்விகள்

பழைய கார் வாங்கும்போது, வெள்ளத்தில் மூழ்கியதா என்று எப்படி அறிவது?

2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் ஏராளமான கார்கள் மூழ்கின. எனவே இது தேவையான எச்சரிக்கைதான். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். கடைசிப் பகுதியில் வண்டல் கறை இருந்தால் சந்தேகம் வலுக்கும். இருக்கையின் அடிக்கம்பியில் துரு, விளக்குக்குள் நீர்க்கோடு, கார்பெட்டுக்கு அடியில் நுண்மணல் ஆகியவையும் வெள்ளத்தின் அடையாளங்கள். சாதாரண ஒழுக்கில் நனைந்த வண்டியில் ஓரிடம்தான் கெட்டிருக்கும். மூழ்கிய வண்டியில் ஒரே மட்டத்துக்குக் கீழே எல்லாமே கெட்டிருக்கும்.

உர மூட்டையையும் பூச்சி மருந்தையும் டிக்கியில் கொண்டுவரலாமா?

உரத்தை பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்துக் கொண்டுவரலாம். சிந்தியதை அன்றே துடைக்க வேண்டும். உரம் காற்றின் ஈரத்தை இழுத்து தகட்டை அரிக்கும். ஆட்கள் அமரும் பகுதியோடு திறந்திருக்கும் டிக்கியில் பூச்சி மருந்து வைக்கவே கூடாது. ஈரக் கார்பெட்டில் மருந்து சிந்தினால் கழுவி எடுப்பது கடினம்.

வைகாசியில் இடவப்பாதிக்கு முன் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, சருகு உதிர்ந்து முடிந்ததும் ஒரு தடவை. இந்த மூன்று நாளும் பானட்டைத் திறந்து சருகை அள்ளி, கதவின் துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிட்டால், வாசகரின் ஷீட் தரம் குறையாமல் கடைக்குப் போய்ச் சேரும்.