கைமாற்று வாங்கும் கணினி



மாதக் கடைசி. சம்பளத்துக்கு இன்னும் நான்கு நாள் கிடக்கிறது. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. என்ன செய்வோம்? பக்கத்து வீட்டு அக்காவிடம் இருபது வெள்ளி கைமாற்று வாங்குவோம். சம்பளம் போட்டதும் மறக்காமல் திருப்பிக் கொடுப்போம். அன்றைக்கு அடுப்பு எரிந்துவிடும்.

உங்கள் வீட்டுக் கணினியும் இதே வேலையைத்தான் செய்கிறது என்றால் நம்புவீர்களா? அதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்வாப்’ என்று பெயர். நாம் ‘கைமாற்று இடம்’ என்றே வைத்துக்கொள்வோம். இதெல்லாம் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதைத் தெரிந்துகொண்டால் சில நூறு வெள்ளி உங்கள் கையில் மிஞ்சக்கூடும்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் வீட்டுக்கு வந்தது. லாபுவிலும் லிங்கியிலும் பகாவிலும், ஒரே கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பிகள் முறை போட்டுப் படித்த வீடுகள் எத்தனையோ! 2021இல் செர்டிக் திட்டத்தின் வழி, வசதி குறைந்த மாணவர்களுக்கென 150,000 மடிக்கணினிகளும் தட்டைக் கணினிகளும் ஒதுக்கப்பட்டன. அது கிடைக்காதவர்கள் சிரம்பானுக்குப் போய்ப் பழைய மடிக்கணினி வாங்கினார்கள். அன்று வாங்கியவற்றில் பலவும் 4 ஜிபி நினைவகம் கொண்டவை. இன்று அவை ஆமையாய் ஊர்கின்றன. “செத்துப்போச்சு, வேறு வாங்குங்கள்” என்கிறார் கடைக்காரர்.

உண்மையிலேயே செத்துப்போனதா, அல்லது கடனில் மூழ்கிக் கிடக்கிறதா? பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டாமா?

கணினிக்குள் பொருள் வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று நினைவகம், அதாவது ‘ரேம்’. இது கையிருப்பு மாதிரி. சின்னது, ஆனால் நினைத்த மாத்திரத்தில் எடுக்கலாம். மின்சாரம் நின்றால் அதில் உள்ளது போய்விடும். மற்றொன்று வன்தட்டு. பெரியது, மெதுவானது, மின்சாரம் நின்றாலும் வைத்தது அப்படியே இருக்கும்.

திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் நினைவகத்தில் இடம் வேண்டும். பிள்ளை கட்டுரை எழுதுகிறது. பக்கத்தில் யூடியூப் ஓடுகிறது. பின்னால் பத்து இணையப் பக்கங்கள் திறந்து கிடக்கின்றன. கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. அப்போது விண்டோஸ் போன்ற இயங்குதளம் ஒரு தந்திரம் செய்கிறது. சற்று நேரமாகத் தொடாமல் இருப்பதைப் பொறுக்கி எடுத்து, வன்தட்டில் இதற்கென்று ஒதுக்கிய இடத்தில் எழுதி வைக்கிறது. காலியான நினைவகத்தை இப்போதைய வேலைக்குக் கொடுக்கிறது. பழையது திரும்பவும் தேவைப்பட்டால் அதை உள்ளே கொண்டுவந்து, வேறொன்றை வெளியே அனுப்புகிறது.

இந்த யோசனை புதிதல்ல. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘அட்லஸ்’ கணினியிலேயே இப்படிச் செய்தார்கள். அந்தக் காலத்தில் வேகமான நினைவகத்துக்கு யானை விலை. ஆகவே சுழலும் காந்த உருளையையும் சேர்த்து, இரண்டையும் ஒரே பெரிய நினைவகம்போல் நடத்தினார்கள். பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கே கைமாற்று தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்!

ஆனால் இந்தக் கைமாற்றுக்கு வட்டி உண்டு. அந்த வட்டிதான் நேரம். நினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்க 1 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், சுழலும் பழைய வன்தட்டிலிருந்து எடுக்க ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும். எஸ்எஸ்டி என்னும் புதுவகைத் தட்டு என்றால் கால் மணி நேரம். எப்போதாவது வாங்கினால் தெரியாது. ஒவ்வொரு விநாடியும் வாங்கினால்? வாங்குவதும் கொடுப்பதுமே வேலையாகி, உண்மையான வேலை நின்றுபோகும். வட்டி கட்டவே சம்பளம் போதாத குடும்பத்தின் கதைதான்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பிள்ளை வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். ‘டாஸ்க் மேனேஜர்’ வரும். நினைவகம் 90 விழுக்காட்டுக்கு மேலும், வன்தட்டு 100 விழுக்காட்டிலும் நிலைத்து நின்றால், பெரும்பாலும் கைமாற்றுத் தொல்லைதான். நினைவகம் பாதி காலியாக இருந்தும் கணினி ஊர்ந்தால் காரணம் வேறு. தட்டு பழுதா, வைரஸா என்று பார்க்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் செலவைக் குறையுங்கள். தேவையில்லாத பக்கங்களை மூடுங்கள். கணினியைத் திறந்ததுமே கூப்பிடாமல் வந்து உட்காரும் செயலிகளை, அதே டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் நிறுத்திவிடலாம். இதற்குக் காசு செலவில்லை.

இரண்டாவது, கைமாற்று இடத்தை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தகப்பனார், ஐந்தாம் படிவம் படிக்கும் மகளின் கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “சார், கடையில என்னமோ ஒன்ன நிறுத்திட்டா வேகமா ஓடும்னு சொல்லி முப்பது வெள்ளி வாங்கிட்டாங்க. இப்ப புள்ள எழுதிக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு மூடிக்குது. ரெண்டு தடவை கட்டுரையே போயிருச்சு” என்றார். நிறுத்தப்பட்டது இந்தக் கைமாற்று இடம்தான். கையிருப்பும் தீர்ந்து, கடன் கொடுக்கவும் ஆளில்லை என்றால் இயங்குதளம் என்ன செய்யும்? ஏதாவதொரு வேலையைக் கைவிடத்தான் வேண்டும். திரும்பவும் அதைப் போட்டுக் கொடுத்ததும் கணினி மூடிக்கொள்வது நின்றது. போன கட்டுரைகளை அந்தப் பெண் மறுபடியும் உட்கார்ந்து எழுதினாள்.

விண்டோஸில் இதன் அளவை இயங்குதளமே தானாகப் பார்த்துக்கொள்ளும்படி விடுவது நல்லது. ‘பேஜ்ஃபைல்’ என்ற பெயரில் ஒரு பெரிய கோப்பு கண்ணில் பட்டால், இடத்தை அடைக்கிறதே என்று அழிக்கப் பார்க்காதீர்கள். அதுதான் கைமாற்றுப் பெட்டி. ‘சி’ தட்டில் பத்துப் பதினைந்து ஜிபியாவது காலியாக வையுங்கள். படமும் பாட்டும் நிரம்பி வழிந்தால் கடன் கொடுக்கவும் இடமிராது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால், பழைய கணினியில் லினக்ஸ் போட்டவர்கள் இருப்பீர்கள். முன்பெல்லாம் நினைவகத்தைப்போல் இரண்டு மடங்கு வைக்கச் சொல்வார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். 4 ஜிபி நினைவகத்துக்கு 2 முதல் 4 ஜிபி சரியாக இருக்கும். ‘ஹைபர்னேட்’ என்று உறங்கவைப்பவர்களுக்கு மட்டும் நினைவகத்தைவிடச் சற்று அதிகம் வேண்டும். 2013 முதல் நம் பள்ளிகளுக்கு வந்த குரோம்புக் வகை, துணியை இறுக்கி மடிப்பதுபோல் நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்கிறது. அதில் நாம் கைவைக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது, வருமானத்தைக் கூட்டுங்கள். 4 ஜிபியை 8 ஆக்கினால் கைமாற்றின் தேவையே குறைந்துவிடும். சுழலும் தட்டை மாற்றி எஸ்எஸ்டி போட்டால் வட்டி குறையும். இரண்டையும் சேர்த்தாலும் பெரும்பாலும் புதுக் கணினியின் விலை வராது. ஆனால் சில மெல்லிய கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட முடியாது.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதில் இப்போது எத்தனை ஜிபி நினைவகம் இருக்கிறது? இன்னும் கூட்ட முடியுமா? உள்ளே இருப்பது சுழலும் தட்டா, எஸ்எஸ்டியா? கேட்கத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் பணத்தைக் கட்டாமல் திரும்பி வாருங்கள்.