வழிநூலும் வழிமென்பொருளும்

முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூல்களை வகைப்படுத்தியது தமிழ் இலக்கண மரபு. முன்னோன் நூலைத் தழுவுவோன் வேண்டிய இடத்து வேறுபடுத்தும் உரிமையும் உடையவன். இன்றைய மென்பொருளாக்கமும் இத்தகையதே. பொது அடித்தளம் ஒன்றினின்று பல மென்பொருள்கள் கிளைக்கின்றன. இதனை மென்பொருள் குடும்பம் எனலாம். தாயும் மாற, சேயும் மாற, இரண்டிற்கும் இடையே இசைவைக் காப்பது எங்ஙனம்?

'நன்றாக இயங்குவதைத் தொடாதே' என்பர் பலர். இக்கூற்று எனக்கு உடன்பாடன்று. 1996 சூன் 4ஆம் நாள் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்தினின்று எழுந்த ஏரியன் 5 ஏவூர்தி 40 விநாடி அளவில் சிதறியது. அது சுமந்து சென்ற கிளஸ்டர் ஆய்வுக்கோள்கள் நான்கும் அழிந்தன. ஏரியன் 4இல் பிழையின்றிப் பணியாற்றிய நிலையறி மென்பொருளே ஏரியன் 5க்கும் வந்திருந்தது. புதிய ஏவூர்தியின் கிடைத்திசை வேகமோ மிகுதி. 64 பிட் எண்ணொன்றை 16 பிட் முழுஎண்ணாக மாற்றுங்கால் அது கொள்ளளவை மீறிற்று. துணைக்கருவி ஒன்று இருந்ததே எனில், அதிலும் அதே மென்பொருள்! நெஞ்சை உறுத்துவது வேறொன்று. பிழை நேர்ந்த அப்பகுதி, ஏவூர்தி எழுந்த பின்னர் ஏரியன் 5க்குத் தேவையே அற்றது. முன்னதன் தேவைக்காக அமைத்ததைப் பொதுமை கருதி அப்படியே விட்டுவைத்தனர்.

எழுதியோர் அறியாது விட்டாரல்லர். ஏழு மாறிகளுள் நான்கிற்குக் காப்புச் செய்து, எஞ்சிய மூன்றும் வரம்பு மீறா எனக் கருதியே விட்டனர். ஏரியன் 4ஐப் பொறுத்தவரை அது சரியே. ஆயின், அதற்கான காரணம் மூலநிரலுக்குள் எழுதப்பெறவில்லை என்பதை விசாரணைக்குழு சுட்டியது. ஒரு செய்தி யார்வழி வந்தது என்று தொடர் காட்டுவதோடு, எச்சூழலில் சொல்லப்பட்டது என்றும் ஆராய்வது ஹதீஸ் கலை. அம்மரபில் வந்தோர்க்கு இக்குறை எளிதில் விளங்கும்.

பொதுப்பகுதி ஒவ்வொன்றும் தன் நிபந்தனைகளைத் தன்னுடனேயே சுமந்து செல்லல் வேண்டும். புதிய சேயிடம் புகுங்கால், அச்சேயின் சூழலிலேயே மீண்டும் சோதிக்கப்பெறல் வேண்டும். காலமும் செலவும் மிகுமே என்பர். அழிந்த கோள்களுக்கு ஈடாக நான்கு கோள்களை உருவாக்கி, 2000ஆம் ஆண்டில் சோயுஸ் ஏவூர்திகள் இரண்டில் அனுப்ப நேர்ந்தது.